மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு காப்புறுதி வேண்டும்? வன்னி வீதிகளில் ஓடுபவர்களுக்கான கணக்கு

காப்புறுதி முடியும் திகதி நெருங்கியதும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முகவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தேர்ட் பார்ட்டி போடுறதா, ஃபுல் போடுறதா?" முதலாவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, மற்றவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும். இரண்டாவது முழுக் காப்புறுதி, உங்கள் வண்டிக்கும் சேர்த்து. பெரும்பாலானோர் கையிலுள்ள காசைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியிலேயே ஒரு குறை இருக்கிறது. விபத்தில் மூன்று விதமான இழப்பு வரலாம்: நீங்கள் மற்றவருக்குச் செய்துவிடும் சேதம், உங்கள் உடலுக்கு வரும் சேதம், உங்கள் வண்டிக்கு வரும் சேதம். மூன்றுக்கும் தனித்தனிக் காப்பு, தனித்தனித் தொகை. "ஃபுல்" எடுத்தவர்களிலும் பலர் வண்டியை மட்டும் காத்துக்கொண்டு, தங்கள் உடலுக்கு எதுவுமே இல்லாமல் ஓடுகிறார்கள்.

குடும்பத்தைக் கவிழ்க்கக்கூடிய இழப்பை முதலில் மூட வேண்டும், வண்டியின் விலையைக் கடைசியில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

சட்டம் கட்டாயப்படுத்துவது எது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். முதலாம் தரப்பு நீங்கள், இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம், உங்களால் பாதிக்கப்படுபவர் மூன்றாம் தரப்பு. பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு காப்புறுதிச் சான்றிதழையும் கேட்கிறார்கள். இதனாலேயே பலருக்குக் காப்புறுதி என்பது "டக்ஸ் எடுக்கத் தேவையான ஒரு கடதாசி" ஆகிவிட்டது. மலிவானது எதுவோ அதை எடுத்து இருக்கைக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கடதாசி தருவது: உங்கள் பிழையால் இன்னொருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ சட்டப்படி நீங்கள் கொடுக்கவேண்டிய இழப்பீடு, அத்தோடு மற்றவரின் சொத்துக்கு வந்த சேதத்துக்குக் காப்புறுதிப் பத்திரத்தில் குறித்த எல்லை வரை பணம். தராதது: உங்கள் வண்டியின் திருத்தச் செலவு, உங்கள் உடைந்த கால், திருட்டு, தீ, வெள்ளம்.

சொத்துச் சேதத்துக்கான அந்த எல்லையை யாரும் வாசிப்பதில்லை. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஓடும் வாகனங்களில் பல வெளியூர் வான்களும் கார்களும். இன்றைய விலையில் ஒரு ஹைபிரிட் காரின் முன்பம்பரும் ஒரு பக்க ஹெட்லைட்டும் மாற்றும் செலவே லட்சங்களைத் தொடும். எல்லைக்கு மேற்பட்ட தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும். சிறிய மேலதிகக் கட்டணத்தோடு எல்லையை உயர்த்த முடியுமானால், ஏ9, ஏ34, ஏ35 வீதிகளில் தினமும் ஓடுபவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பின்னால் இருந்து வருபவரையும் மறந்துவிடக்கூடாது. மனைவியோ பிள்ளையோ பின் இருக்கையில் இருக்கும்போது விழுந்தால், அவர் மூன்றாம் தரப்பாகக் கணக்கிடப்படுவாரா என்பது பத்திரத்தின் வாசகத்தில் இருக்கிறது. முகவரின் வாய்ச்சொல் போதாது, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

"மற்றவரின் காப்புறுதி எனக்குத் தரும்தானே?"

பிழை மற்றவர் பக்கம் என்றால், அவரது மூன்றாம் தரப்புக் காப்புறுதியிலிருந்து உங்களுக்கு இழப்பீடு வரவேண்டும். சட்டம் அப்படித்தான். வன்னியில் இந்த நம்பிக்கை உடையும் இடங்கள் பல.

1. இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள். தார் இன்னும் சூடாக இருப்பதால் மழைக்காலத்தில் அவை வயலை விட்டு வீதிக்கு வருகின்றன. மாட்டுக்குக் காப்புறுதி இல்லை, விபத்துக்குப் பிறகு மாட்டுக்கு உரிமையாளரும் இருப்பதில்லை.
2. பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்), நெல் மூட்டையோ வைக்கோலோ ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி. அறுவடைக் காலத்தில் இவை இருட்டிய பிறகும் ஓடுகின்றன. காப்புறுதி இல்லையென்றால் நீங்கள் அந்த விவசாயியின் மீதுதான் வழக்குப் போட வேண்டும். வென்றாலும் அவரிடம் கொடுக்க எதுவும் இருக்காது.
3. வீதியோரம் காயப்போட்ட நெல்லும் அதைச் சுற்றி வைத்த கற்களும். நெல்லை அள்ளியபின் கல் மட்டும் வீதியில் மிஞ்சும்.
4. காட்டோரப் பகுதிகளில் யானை, பன்றி, மயில்.
5. மாரிக்குப் பின் கிரவல் வீதிகளில் மதகோரம் அரித்துப்போன பள்ளங்கள்.

இந்த ஐந்திலும் உங்களுக்கு எதிரே பணம் தரக்கூடிய தரப்பு பெரும்பாலும் இல்லை. கொழும்பில் வாகனம் வாகனத்தோடு மோதும் விபத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் ஆலோசனை இங்கே பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். இங்கே உங்கள் காயத்துக்கும் வண்டிக்கும் பணம் வருவதென்றால் அநேகமாக அது உங்கள் சொந்தப் பத்திரத்திலிருந்தே வரவேண்டும்.

உடல்: அதிகம் மறக்கப்படும் வரி

தனிநபர் விபத்துக் காப்பு என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அது பூச்சியம். சிலவற்றில் ஓட்டுநருக்கு மட்டும் ஒரு சிறு தொகை. கேட்டால்தான் கூட்டுவார்கள்.

இலங்கையில் அரச மருத்துவமனை இலவசம், 1990 அம்புலன்சும் இலவசம். ஆகவே சிகிச்சைச் செலவு பெரிய பயமல்ல. பயப்பட வேண்டியது நின்றுபோகும் வருமானத்துக்கு. ஒரு நாட்கூலி 3,000 ரூபா, மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்பு முறிந்து நான்கு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் இழப்பு 3,12,000 ரூபா. இதோடு துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்கு கிளினிக் போய்வர ஓட்டோ, வான் கூலி, கூடவே வரும் ஒருவரின் வேலை இழப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தனிநபர் விபத்துக் காப்பு வழக்கமாகப் பணம் தருவது இரண்டுக்கே: மரணம், நிரந்தர ஊனம். நிரந்தர ஊனத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. கை போனால் இத்தனை வீதம், கண் போனால் இத்தனை வீதம் என்று. முறிந்து பின் பொருந்திவிடும் எலும்புக்கு அநேகமாக ஒன்றும் கிடைக்காது. "விபத்துக்குக் காசு வரும்" என்று நம்பியிருந்தவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தற்காலிக இயலாமைக்கோ மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கோ பணம் வேண்டுமென்றால் அது தனியான பிரிவு, சில நேரம் தனியான பத்திரம்.

எவ்வளவு போடுவது? உழைப்பவர் ஒருவரே என்றால், அவர் இல்லாமல் குடும்பம் நிமிர ஆகும் காலத்தை மாதத்தில் எண்ணி, மாதச் செலவால் பெருக்குங்கள். 60,000 ரூபா மாதச் செலவு, இரண்டு வருடம் என்றால் 14,40,000 ரூபா. முகவர் வழக்கமாக எழுதும் தொகை இதற்குக் கிட்டவும் வராது. வண்டிக் காப்புக்குக் கட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் இதைக் கூட்டுவதற்கான மேலதிகத் தவணை (பிரீமியம்) சிறியது. ஓட்டுநருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஓடி இறந்தால் நிறுவனம் கேள்வி எழுப்பும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வண்டி: பெறுமதியை எப்படி எழுதுவது

முழுக் காப்புறுதியில் "காப்புறுதித் தொகை" என்று ஓர் எண் எழுதப்படும். பலரிடம் அது வண்டி வாங்கிய வருடத்து விலை. வருடா வருடம் முகவர் அதையே பிரதி செய்கிறார், உரிமையாளரும் கையொப்பம் வைக்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. புதிய வண்டி வராததால் பழைய வண்டிகளின் விலை ஏறி, வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் விலைகள் வேறு வழியில் நகர்கின்றன. இப்படிப்பட்ட சந்தையில் பழைய எண் இரண்டு பக்கமும் வெட்டும்.

குறைத்து எழுதினால் பல பத்திரங்களில் உள்ள சராசரி விதி வேலை செய்யும். சந்தைப் பெறுமதியில் எத்தனை வீதத்துக்குக் காப்புறுதி செய்தீர்களோ, இழப்பிலும் அத்தனை வீதமே தரப்படும். ஓர் உதாரணம்:

1. வண்டியின் இன்றைய சந்தைப் பெறுமதி 6,00,000 ரூபா. பத்திரத்தில் 3,60,000. அதாவது 60 வீதம்.
2. கராஜ் மதிப்பீடு 1,00,000: உதிரிப்பாகம் 70,000, கூலியும் பெயின்டும் 30,000.
3. வண்டியின் வயதுக்காக உதிரிப்பாகத்தில் 20 வீதத் தேய்மானம்: 14,000 கழிகிறது. மீதி 86,000.
4. அதில் 60 வீதம்: 51,600.
5. உரிமையாளர் முதலில் ஏற்கவேண்டிய எக்செஸ் 5,000 கழிய: 46,600.

ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருந்தும் 53,400 ரூபா உங்கள் கையிலிருந்து. எண்கள் உதாரணத்துக்கு. தேய்மான வீதமும் எக்செஸும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கழிக்கும் வரிசையும் மாறலாம். ஆனால் எந்த வரிசையில் கழித்தாலும் முடிவு கசப்பானதே.

கூட்டி எழுதினாலும் லாபமில்லை. வண்டி முற்றாக நொறுங்கினாலோ களவு போனாலோ, காப்புறுதித் தொகை அல்லது அந்த நாளின் சந்தைப் பெறுமதி, இரண்டில் குறைந்ததுதான் தரப்படும். கூட்டி எழுதிய பகுதிக்குக் கட்டிய தவணை வீண்.

சரியான எண்ணைப் பிடிக்க அதே மாடல், அதே வருடம், கிட்டத்தட்ட அதே கிலோமீற்றர் ஓடிய மூன்று வண்டிகளின் விற்பனை விலையைப் பாருங்கள். விளம்பர விலையை அல்ல, பேசி முடிக்கும் விலையை. விளம்பரங்களின் திரைப்பிரதியை வண்டிப் பத்திரங்களோடு வைத்திருங்கள். பின்னர் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வேறு பெறுமதி சொன்னால் அதுவே உங்கள் பதில்.

ஃபுல் எடுப்பது எப்போது பெறும்?

லீசிங்கில் வண்டி எடுத்தவருக்குத் தெரிவே இல்லை. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம், அது முழுக் காப்புறுதியைக் கட்டாயமாக்கும். வண்டி முற்றாக அழிந்தால் காசு முதலில் லீசிங் நிறுவனத்துக்குப் போகும். மீதிக் கடன் காப்புறுதிப் பணத்தைவிட அதிகமென்றால் இல்லாத வண்டிக்கு லீசிங் தவணை கட்ட நேரிடும். ஆகவே லீசிங்காரர்கள்தான் காப்புறுதித் தொகையை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். லீசிங் முகவர் நீட்டும் காப்புறுதியை அப்படியே ஏற்காமல், வேறு நிறுவனத்தின் விலையையும் கேட்டுப் பார்க்கலாம்.

கைக்காசுக்கு வாங்கியவர் இப்படிக் கணக்கிடலாம். ஃபுல்லுக்கும் தேர்ட் பார்ட்டிக்கும் உள்ள தவணை வித்தியாசத்தை, வற் வரி எல்லாம் சேர்த்து, எடுங்கள். அதை வண்டியின் பெறுமதியோடு ஒப்பிடுங்கள். 3,00,000 ரூபா வண்டிக்கு வித்தியாசம் 18,000 என்றால் அது 6 வீதம். பதினேழு வருடத்தில் வண்டியின் முழு விலையையும் கட்டிவிடுவீர்கள். அந்த வண்டி இன்னும் பதினேழு வருடம் ஓடாது. 7,00,000 ரூபா வண்டிக்கு வித்தியாசம் 28,000 என்றால் 4 வீதம். அந்த ஏழு லட்சம் ஒரே நாளில் போனால் மீண்டும் சேர்க்க முடியாத குடும்பத்துக்கு இது நியாயமான விலை.

என் மதிப்பில்: பத்து வருடத்துக்கு மேற்பட்ட சீடி100, டிஸ்கவர் போன்ற வண்டிகளுக்குத் தேர்ட் பார்ட்டியும், உயர்த்திய சொத்துச் சேத எல்லையும், பெரிய தனிநபர் விபத்துக் காப்பும் போதும். மிச்சமாகும் வித்தியாசத்தை வங்கியில் தனியாகப் போட்டால் அதுவே திருத்தச் செலவு நிதி. புதிய ஸ்கூட்டரோ விலையுயர்ந்த வண்டியோ என்றால் ஃபுல். இடையில் உள்ளவர்கள் சில நிறுவனங்கள் தரும் "தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும்" என்ற வகையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளமும் கலவரமும்: தனி வரிகள்

"ஃபுல்" என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடாது. வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தத்துக்கான காப்பு பத்திரத்தில் தனியொரு வரி. வேலைநிறுத்தம், கலவரம், மக்கள் கிளர்ச்சி இன்னொரு வரி. பயங்கரவாதம் மற்றொன்று. கடைசி இரண்டின் மீள்காப்புறுதியை, அதாவது காப்புறுதி நிறுவனங்களுக்கே தரப்படும் காப்புறுதியை, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. ஹர்த்தால் நாளில் கல்லெறிபட்டு வண்டி சேதமானால் இந்த வரி இருந்தால்தான் பணம்.

2018 டிசம்பர் 21, 22 திகதிகளின் மழையில் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வீட்டு முற்றத்தில் நின்ற வண்டிகளும் தப்பவில்லை. குளத்தின் கீழ்ப்புறமோ வாய்க்கால் ஓரமோ வீடு உள்ளவர் அனர்த்தக் காப்பு வரியை விடக்கூடாது.

வரி இருந்தாலும் பணத்தை இழக்க ஒரு வழி உண்டு: வெள்ளம் வடிந்ததும் கிக் அடித்துப் பார்ப்பது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ரொட் வளையும். வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, நீங்கள் இயக்கியதால் வந்த சேதம் வேறு என்று மதிப்பீட்டாளர் பிரித்து எழுதுவார். செய்ய வேண்டியது:

1. சாவியைப் போடாதீர்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள்.
2. நீர் ஏறிய மட்டம் சேற்றுக்கோடாகத் தெரியும்போதே, அளவுகோலோடு படம் எடுங்கள்.
3. நிறுவனத்துக்கு அறிவித்த பிறகு, உருட்டியோ ஏற்றியோ கராஜுக்குக் கொண்டுபோங்கள்.
4. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எஞ்சின் ஒயிலை மாற்றிய பிறகே இயக்க வேண்டும். ஒயில் பால்கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது.

கோரிக்கை ஏன் நிராகரிக்கப்படுகிறது?

*சாரதி அனுமதிப்பத்திரம்.* 100 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏ வகுப்பு வேண்டும், ஏ1 போதாது. காலாவதியான அனுமதிப்பத்திரமும், அம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கணக்கு. சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது. மற்றவருக்கு நிறுவனம் கொடுக்க நேர்ந்தாலும் அதை உரிமையாளரிடமிருந்து மீட்கப் பார்க்கும்.

*மது.* விளக்கம் தேவையில்லை.

*பெயர் மாற்றாத வண்டி.* ஓப்பின் பேப்பரில், அதாவது எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களில் கையொப்பம் மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமலே மூன்று கை மாறிய வண்டிகள் வன்னியில் ஏராளம். பதிவில் உள்ளவர் ஒருவர், காப்புறுதியில் ஒருவர், ஓடுபவர் ஒருவர் என்றால், முழு இழப்பின் காசோலை யார் பெயருக்கு என்பதிலேயே எல்லாம் நின்றுவிடும். பெயர் மாற்றும் செலவைக் காப்புறுதியின் ஒரு பகுதியாகவே நினைக்க வேண்டும்.

*பயன்பாடு.* "தனிப்பட்ட பாவனை" என்று எழுதிவிட்டு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து பின்னால் மீன்பெட்டி கட்டி ஊர் ஊராக விற்கிறீர்கள், பால் சேகரிக்கிறீர்கள், சாப்பாடு விநியோகிக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்காக வெல்டிங் செய்து பொருத்திய இரும்புச் சட்டத்தையும் சேர்த்துத்தான். தவணை சற்றுக் கூடலாம், ஆனால் பத்திரம் உயிரோடிருக்கும்.

*வீதியோரச் சமாதானம்.* நம்மிடையே விபத்து நடந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பேசி, "பிழை என்னுடையது, இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கையொப்பம் வைத்து முடிப்பது வழக்கம். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ தொகை வாக்களிக்கவோ கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறது. காயப்பட்டவருக்கு உதவுங்கள், 1990க்கு அழையுங்கள், அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். எழுத்தில் மட்டும் எதையும் கொடுக்காதீர்கள்.

*மதிப்பீட்டுக்கு முன் திருத்துவது.* மதிப்பீட்டாளர் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரவேண்டியிருக்கும், மாலையாகிவிடலாம். வண்டியை அகற்றவேண்டியிருந்தால் முதலில் நான்கு பக்கமும், வீதியில் டயர் தேய்த்த தடமும், இரண்டு வாகன இலக்கத் தகடுகளும் தெரியும்படி படம் எடுங்கள். காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழைத்து, அவர்கள் தரும் குறிப்பு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் காயம், களவு, மற்றவரின் சொத்துச் சேதம் என்றால் அன்றே பொலிஸ் முறைப்பாடு வேண்டும். உடைந்து கழற்றிய பாகங்களைக் கராஜில் விட்டுவிடாதீர்கள், கேட்டால் காட்ட வேண்டும்.

சிறிய சேதத்துக்குக் கோரலாமா?

கோரிக்கை இல்லாமல் போன வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற கழிவு சேரும். 20,000 ரூபா தவணையில் 30 வீதக் கழிவு என்றால் நீங்கள் கட்டுவது 14,000. இண்டிகேற்றரும் மட்காட்டும் உடைந்து 9,000 ரூபா செலவு, எக்செஸ் 2,500. கிடைப்பது 6,500. அடுத்த வருடம் கழிவு பூச்சியமானால் 6,000 கூடுதலாகக் கட்ட வேண்டும், பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் சில வருடம். அந்த 9,000ஐக் கையிலிருந்து கொடுப்பதே மேல். நிறுவனம் மாறும்போது போனஸ் உறுதிக் கடிதத்தைப் பழைய நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால் கழிவு கூடவே வரும்.

மறுத்தால் எங்கே போவது?

மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின் கீழ் என்ற இலக்கத்தோடு கேளுங்கள். தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நிறுவனத்தின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் சட்டத்தரணி தேவையில்லை. காப்புறுதிப் பத்திரம், தவணை கட்டிய பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, படங்கள், கராஜ் மதிப்பீடு, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளே போதும். மூலப் பத்திரங்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.